பழங்காசை எடைக்குப் போடலாமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகை செய்யும் நம்மைப் போன்ற வயதான வணிகர்களுக்குச் சதுர 2 அணாவும், நெளிவு விளிம்பு வைத்த 1 அணாவும், ஓட்டைக் காலணாவும் நினைவிருக்கும். அறுகோண 20 பைசாவை நம் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஏறக்குறைய 2,000 ஆண்டு மூத்த சதுரக் காசுகள் நம் பக்கத்து மண்ணிலேயே கிடைக்கின்றன. அவற்றை வணிகர்களாகிய நாம் நடத்தும் விதம் சரியில்லை.

பிறரைச் சொல்வானேன்? 1983ல் பரமத்திவேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் பழைய பாக்கிக்காக ஒரு சிறு துணிப்பையில் செம்புத் துண்டுகள் கொண்டுவந்தார். காவிரி ஓரத்து வயலை உழுதபோது கிடைத்ததாம். நகம் அளவில் கோணல் சதுரங்கள், பச்சைக் களிம்பு. முக்கால் கிலோ நிறுத்து, செம்பு விலைக்கு வரவு வைத்தோம். மறுநாளே பாத்திரப் பட்டறையில் உருகிவிட்டன. ஒன்று மட்டும் தப்பியது. நம் தராசுத் தட்டு ஏறி நின்றதால், சமன் செய்ய அடியில் அரக்கு வைத்து ஒட்டியிருந்தோம். (எடையளவு ஆய்வாளர்கள் பொறுத்தருள்க.) பல ஆண்டு கழித்துக் கழற்றிப் பார்த்தால் ஒருபுறம் யானை, மறுபுறம் வில்லும் அம்பும். சேரர் காசு!

கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் இத்தகைய காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. 'கொல்லிப்பொறை' என்று பெயர் பொறித்த காசும் அங்கு கிடைத்தது. நம் கொல்லிமலைதான் நினைவுக்கு வருகிறது. பாண்டியரின் 'பெருவழுதி' காசும் சதுரமே. இதை 1980களில் வெளிப்படுத்தியவர் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. இவற்றுக்கும் முந்திய வெள்ளி முத்திரைக் காசுகளைத் தகட்டிலிருந்து துண்டாக வெட்டி, எடை கூடினால் மூலையை நறுக்கிச் சரிசெய்தார்கள். தராசு பிடிக்கும் நமக்கு இது புரியாத கணக்கா?

புதையல் என்றால் அரசு பிடுங்கிக்கொள்ளும் என்ற பயத்தில்தான் பலர் உருக்குகிறார்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்புடன் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்கவும் அதில் இடமுண்டு. இதை எத்தனை பேர் அறிவோம்? மறுபக்கம், பழங்காசுக்கு லட்சம் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் கும்பலை நம்புகிறோம். 2021ல் ரிசர்வ் வங்கியே இதுபற்றி எச்சரித்தது.

வாடிக்கையாளர் இத்தகைய காசு கொண்டுவந்தால் உருக்க விடாதீர்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். கிடைத்த ஊர், வயல், தேதி ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி வைத்து, தாலுகா அலுவலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ அவரையே அழைத்துச் செல்லுங்கள். நமது சங்கமும் மாதக் கூட்டத்தில் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கலாம்.

சீட்டு எதற்கு என்பீர்கள். தப்பிய காசை நாம் சேலம் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனபோது முதலில் கேட்டது, "எந்த ஊர், எந்த வயல்?" என்றுதான். அந்த விவசாயி காலமாகிவிட்டார். வீட்டுக்கு வந்து பழைய பேரேட்டைப் புரட்டினோம். 'செம்பு வரவு, முக்கால் கிலோ' என்று மட்டும் இருந்தது.