முள் சொல்லும் உண்மை

ஆட்டோமேட்டிக் கார் பெட்ரோலைக் குடிக்கும் என்ற பழிக்கு டார்க் கன்வெர்ட்டரே காரணம். அங்கே எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய்தான் இணைக்கிறது. எஞ்சின் 2,000 முறை சுழல, மறுமுனை 1,900 முறைதான் சுழன்றால், அந்த 5 சதவீதம் வெப்பமாக வீணாகிறது. ஆனால், 1949-இலேயே பேக்கார்ட் நிறுவனம் இதற்கு வழி கண்டது. சீரான வேகத்தில் இரு முனைகளையும் நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச்தான் அது. எரிபொருள் நெருக்கடிக்குப் பின் 1978-இல் கிரைஸ்லரும் அதைக் கையில் எடுத்தது.

பூட்டினால் வண்டி அதிரும் என்பார்கள். உண்மைதான்; ஆனால், பல வண்டிகளில் அது தரம் கெட்ட எண்ணெயின் அறிகுறி. பூட்டு விழுகிறதா என்று அறிய, நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்திப் பாருங்கள். டாக்கோமீட்டர் முள் துள்ளாமல் நின்றால், பூட்டு விழுந்திருக்கிறது. ஆகவே பழி கன்வெர்ட்டர்மீது அல்ல, எண்ணெய் மாற்றத் தவறும் நம் அலட்சியத்தின்மீதே விழ வேண்டும்.