எண் தெரிந்தால் போதுமா? பீர்மேட்டிலிருந்து சில வினாத்தாள்கள்

புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-க்குப் பிறகு காவலர் பயிற்சிப் பள்ளிகளின் சுவர்களிலும் தேர்வர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே அட்டவணைதான் சுற்றிவருகிறது. இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் புதிய எண். கொலைக்கு 302 போய் 103. திருட்டுக்கு 379 போய் 303. மோசடிக்கு 420 போய் 318. முதல் தகவல் அறிக்கைக்கு 154 போய் 173. இருபது வருட சர்வீஸ் உள்ள ஏட்டுகூட 'ஃபோர் ட்வென்டி' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளும் காலம் இது.

அட்டவணை வேண்டியதுதான். 511 பிரிவுகள் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 358 பிரிவுகளோடு பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 531 பிரிவுகளோடு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. சாட்சியச் சட்டமும் மாறிவிட்டது. புதிதாக வருபவர் எண்களைப் படிக்காமல் தேர்வு மண்டபத்துக்குள் போக முடியாது. ஆனால் அடிப்படைக் காவல் அறிவு என்ற பெயரில் நடக்கும் தேர்வு அந்த எண்களோடு நின்றுவிடலாமா? இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் பீர்மேடு வழியே போகும் கோட்டயம்–குமுளி சாலையிலும் அதைச் சுற்றியும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நடந்தவற்றைப் பார்த்தாலே போதும்.

2019 ஜூன் 12 அன்று வாகமண் அருகே கோலாஹலமேட்டைச் சேர்ந்த ஒருவரை நிதி மோசடி வழக்கில் நெடுங்கண்டம் போலீசார் பிடித்தார்கள். கைது பதிவானது 15-ஆம் தேதி. மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டது 16-ஆம் தேதி இரவு. அங்கிருந்து பீர்மேடு கிளைச் சிறை. ஜூன் 21 அன்று அவர் இறந்துபோனார். முதல் பிரேதப் பரிசோதனை நிமோனியாவைக் காரணம் காட்டியது. ஐயம் அடங்கவில்லை; அடுத்த மாதம் உடலைத் தோண்டியெடுத்து மறுபரிசோதனை செய்தார்கள். நீதிபதி கே. நாராயண குரூப் விசாரணை ஆணையம் இதைக் காவல் சித்திரவதையால் நேர்ந்த மரணம் என்று கண்டு 2021 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. வழக்கு அதற்கு முன்பே சி.பி.ஐ. கைக்குப் போயிருந்தது.

அந்த ஸ்டேஷனில் இருந்தவர்களுக்கு மோசடிக்கு எந்தப் பிரிவு என்று தெரியாமலா இருந்திருக்கும்? எழுப்பிக் கேட்டால் தூக்கத்திலேயே சொல்லியிருப்பார்கள். மோசடிக்கு அதிகபட்சத் தண்டனை ஏழாண்டு. அப்படியானால் கைது செய்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. நேரில் வரச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஏ, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3). கைது செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அப்போது 57, இப்போது 58. இந்த 24 மணி நேரம் ஆளைப் பிடித்த நொடியிலிருந்து ஓடுகிறது. கைது மெமோவில் கையெழுத்துப் போட்ட நேரத்திலிருந்து அல்ல. நெடுங்கண்டத்தில் பிடித்த நாளுக்கும் பதிவான நாளுக்கும் நடுவே மூன்று நாள் இடைவெளி. அந்த இடைவெளியைப் பற்றி எந்த அட்டவணையிலும் ஒரு வரி கிடையாது.

கைது மெமோவை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு தாள். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்த பதினொரு கட்டளைகளில் இதுவும் ஒன்று. இன்று 36-ஆம் பிரிவாகச் சட்டத்திலேயே இருக்கிறது. தேதி, நேரம், குடும்பத்தாரோ அக்கம்பக்கத்துப் பெரியவரோ சாட்சியாகப் போடும் கையெழுத்து, கைதானவரின் மேலொப்பம். பயிற்சி மாணவர் ஒருவரிடம் வெற்று மெமோவைக் கொடுத்து, “காலை ஆறு மணிக்கு ஏலப்பாறையில் ஒருவரைப் பிடித்தீர்கள், மதியம் இரண்டு மணிக்கு ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறீர்கள், நேரம் என்ற கட்டத்தில் என்ன போடுவீர்கள்?” என்று கேட்டுப் பார்க்கட்டும். இரண்டு மணி என்று எழுதுபவரே அதிகம் இருப்பார். அவர் கெட்டவர் அல்ல. எழுதுகிற நேரத்தைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்துவிட்டார். தேர்வு பிடிக்க வேண்டிய பிழை இதுதான். நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கச் சொல்லும் வினாத்தாளில் இது ஒருநாளும் சிக்காது.

மலைநாட்டில் இதோடு இன்னொரு கேள்வியும் சேர்கிறது. 24 மணி நேரக் கணக்கில் நீதிமன்றத்துக்குப் போகும் பயண நேரம் சேராது என்று சட்டம் சொல்கிறது. மழைக்காலத்தில் குட்டிக்கானத்துக்குக் கீழே மண் சரிந்தால் பயணம் எவ்வளவு நீளும் என்பது இங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் புறப்பட்ட நேரம், நின்ற இடம், சேர்ந்த நேரம் மூன்றும் ஜெனரல் டைரியில் ஏறாவிட்டால் மண்சரிவு வெறும் சாக்காகிவிடும். வீடியோ கான்பரன்ஸில் காட்டிவிடலாமே என்று இளைய அதிகாரிகள் சிலர் நினைக்கிறார்கள். போலீஸ் காவலுக்கு அது செல்லாது. 187-ஆம் பிரிவின்படி போலீஸ் காவல் கேட்கிற ஒவ்வொரு முறையும் ஆளை நேரில் நிறுத்தியாக வேண்டும். நீதிமன்றக் காவலை நீட்டிக்க மட்டுமே திரை உதவும்.

மருத்துவப் பரிசோதனைக்கும் இதே கதிதான். கைது செய்தவுடன் பரிசோதனை, காயம் இருந்தால் அது ஏற்பட்ட உத்தேச நேரத்தோடு பதிவு, நகல் கைதானவருக்கு. 53-ஆம் பிரிவு இவ்வளவு தெளிவாக இருக்கிறது. தேர்வில் கேட்பதோ “கைதானவரின் மருத்துவப் பரிசோதனை எந்தப் பிரிவு?” என்பதுதான்.

மலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலும் நிலைமை வேறில்லை. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், பின்னர் காவலில் இறந்துபோன தந்தையையும் மகனையும் கைது செய்தபோது, ஏழாண்டுக்கு மேல் தண்டனை தரும் பிரிவு ஒன்றுகூட அந்த எஃப்.ஐ.ஆரில் இல்லை. விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமரா பதிவுகள் தினமும் தானாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளைக் காத்துவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்கு ஸ்டேஷன் அதிகாரியே பொறுப்பு. வழக்கின் பெயரும் தேதியும் பயிற்சிக் குறிப்புகளில் இருக்கின்றன. கேமரா பழுதானால் யாருக்கு, எப்படித் தெரிவிப்பது என்பது பெரும்பாலும் இருப்பதில்லை.

காவல் மரணங்களைப் பற்றி எழுதினால் 'எப்போதும் போலீசைத்தான் குறை சொல்வீர்களா?' என்று ஒரு குரல் எழும். நியாயமான குரல்தான். அடிப்படை அறிவு குறையும்போது பாதிக்கப்படுபவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டும் அல்லர். பல நேரம் புகார் கொடுத்தவர்களே ஏமாந்து நிற்கிறார்கள். பீர்மேடு தாலுகாவின் வண்டிப்பெரியாரில் அதுதான் நடந்தது.

2021 ஜூன் 30 அன்று அங்கே தேயிலைத் தோட்ட லயம் ஒன்றில் ஆறு வயதுச் சிறுமி இறந்துகிடந்தாள். முதலில் விபத்து என்றே கருதப்பட்டது. பிரேதப் பரிசோதனைதான் வன்கொடுமையை வெளிக்கொண்டுவந்தது. இரண்டரை ஆண்டு கழித்து, 2023 டிசம்பர் 14 அன்று, கட்டப்பனை விரைவு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. விசாரணை அதிகாரி சம்பவ இடத்துக்கு மறுநாள்தான் போனார் என்பதையும் தடயங்களைத் திரட்டியதில் இருந்த குறைகளையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த அதிகாரி பணியிடை நீக்கத்துக்கு உள்ளானார். குழந்தையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு அதனால் என்ன கிடைத்தது?

லயம் எப்படிப்பட்ட இடம் என்பது தெரிந்தவர்களுக்கு இந்த வழக்கு இன்னும் உறைக்கும். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள், பொதுச்சுவர், பொது வாசல். செய்தி பரவினால் பத்து நிமிடத்தில் அந்த வரிசை முழுவதும் ஒரு அறைக்குள் வந்துவிடும். அழுகிறவர்கள் தொடுவார்கள், தூக்குவார்கள், துடைப்பார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே முதலில் போய்ச் சேரும் போலீஸ்காரர், அவர் எவ்வளவு இளையவரானாலும், செய்ய வேண்டிய முதல் வேலை வாசலில் நிற்பது. உள்ளே போனவர்களின் பெயரைக் குறித்துக்கொள்வது. விபத்தோ கொலையோ, தெரியும்வரை கொலை என்றே இடத்தைக் காப்பது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று 176(3) இப்போது சொல்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்தாண்டு அவகாசம் உண்டு. சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது 105. நிபுணர் மலையேறி வந்துசேரும்வரை அந்த வாசலைக் காப்பது எப்படி என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லித்தராது. பயிற்சிப் பள்ளிதான் சொல்லித்தர வேண்டும், தேர்வுதான் சோதிக்க வேண்டும்.

குமுளி சோதனைச் சாவடியிலிருந்து ஒரு கணக்கு. பேருந்தில் வந்த ஒருவரின் தோள்பையில் 1 கிலோ 200 கிராம் கஞ்சா. சட்டைப்பையைச் சோதித்தபோது எதுவும் இல்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, கெசட்டட் அதிகாரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ சோதிக்கப்படும் உரிமையை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டுமா? பையைச் சோதிப்பது உடல் சோதனை ஆகாது, 50-ஆம் பிரிவு அதற்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் பவன் குமார் வழக்கிலும் 2023-இல் ரஞ்சன் குமார் சாதா வழக்கிலும் சொல்லியிருக்கிறது. உடலைச் சோதிப்பதானால் அந்த உரிமையை எடுத்துச்சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு விஜய்சிங் சந்துபா ஜடேஜா வழக்கில் தீர்ப்பளித்தது. இரண்டு பேரைப் பிடித்து இருவருக்கும் ஒரே தாளில் உரிமையை எழுதிக் காட்டினால்? 2014-இல் பரமானந்த் வழக்கில் அதுவும் அடிபட்டுப்போயிற்று. அளவுக் கணக்கும் உண்டு: ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. நம் கணக்கு நடுவில் விழுகிறது. ஜாமீன் விதி அதற்கேற்ப மாறும். ஒரே சம்பவத்தில் நான்கைந்து அடிப்படை அறிவுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. குமுளியில் ஒரு ஷிப்டு நின்றவருக்கு இதில் புதுமை ஏதும் இல்லை. இதைத் தேர்வாளர்கள் கேள்வியாக்குவதில்லை என்பதுதான் புதிர்.

மொழிப் பிரச்சினையைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர் 6 அன்று மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும், உடனே முடியாவிட்டால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பீர்மேட்டுக்கு இது ஏட்டுச் சட்டம் அல்ல, அன்றாட வேலை. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள். ஏலத்தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். மலையாளத்தில் அடித்த தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்ற பழக்கம் இனி ரிமாண்டையே கவிழ்த்துவிடும். தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மைத் தேர்வர்களுக்கு அவரவர் மொழியில் வினாத்தாள் தருகிறது கேரள பி.எஸ்.சி. தேர்வு எழுதுபவருக்குக் கிடைக்கும் இந்த வசதி லாக்கப்பில் இருப்பவருக்கும் உரிமை என்பதை அதே வினாத்தாளில் ஒரு கேள்வியாக வைக்கலாமே.

பாடம் நடத்துவோருக்கு இவ்விதழ் சொல்வது ஒன்றுதான்: பிரிவு வரிசையில் நடத்துவதைக் குறைத்து, வழக்கு வரிசையில் நடத்துங்கள். தொலைபேசி அழைப்பு வந்த நேரத்தில் தொடங்கி, எஃப்.ஐ.ஆர்., சம்பவ இடம், நோட்டீஸா கைதா என்ற முடிவு, மெமோ, உறவினருக்குத் தகவல், மருத்துவர், ரிமாண்ட் என்று ஒரு வழக்கு எப்படி நகர்கிறதோ அப்படியே பாடமும் நகரட்டும். எண்கள் அந்தந்த இடத்தில் தாமாக ஒட்டிக்கொள்ளும். தேர்வர்களும் இப்படிப் படித்தால் மனப்பாடச் சுமை பாதியாகும்.

அப்படியே ஒரு கோரிக்கையும். திருச்சூர் ராமவர்மபுரத்துக் கேரள போலீஸ் அகாடமியும், ஊனமாஞ்சேரியில் உள்ள தமிழ்நாடு போலீஸ் அகாடமியும், பீர்மேட்டுக்குப் பக்கத்திலேயே குட்டிக்கானத்தில் இருக்கும் ஆயுதப்படை ஐந்தாம் பட்டாலியனும் தங்கள் அடுத்த உள்தேர்வில் ஒரே ஒரு நீண்ட கேள்வியைச் சேர்த்துப் பார்க்கட்டும். பெயர்களை நீக்கிவிட்டு, நெடுங்கண்டம் வழக்கின் தேதி வரிசையை மட்டும் அச்சிட்டு, “ஒவ்வொரு நாளும் இந்த ஸ்டேஷன் என்ன செய்திருக்க வேண்டும்?” என்று கேட்கட்டும். வரும் விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர்கள், பெயர் குறிப்பிடாமல் அவற்றில் சிலவற்றை இவ்விதழுக்கு அனுப்பினால் அடுத்த இதழில் விவாதத்துக்கு வைக்கலாம்.