வாசல் விளக்குக்கு இழுக்கும் வயர்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கிராமங்களில் இருட்டிய பிறகு வாசலில் விளக்கு எரிவது ஆடம்பரம் அல்ல. மாட்டுக் கொட்டகைக்கும் கொல்லைப்புறக் கழிப்பறைக்கும் போகிற வழியில் பாம்பு கிடக்கும். மக்காச்சோளமும் பருத்தியும் வீடு வந்து சேரும் மாதங்களில் இரவுக் காவலும் வேண்டும். எனவே கடைத்தெருவில் ஓர் எல்இடி ஃப்ளட் லைட் வாங்கி, வீட்டு பிளக்கிலிருந்து ஜன்னல் வழியே வயரை இழுத்து, வேப்பமரத்திலோ இரும்புக் குழாயிலோ தாங்களே கட்டிவிடுகிறார்கள். விளக்கு எரிந்துவிட்டால் வயரிங் சரி என்று அர்த்தமில்லை.

அந்த விளக்கிலிருந்து மூன்று வயர்கள் வரும். கையில் இருப்பதோ இரண்டு பின் பிளக். பச்சை வயரைச் சுருட்டி விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் நறுக்கிவிடுவார்கள். எர்த் அத்தோடு போயிற்று. ஜாயின்டில் சுற்றிய டேப் சித்திரை வெயிலில் பசை விட்டுப் பிரியும். ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும். மழை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது விளக்குக்கு. நாம் முறுக்கிய ஜாயின்டுக்கு அல்ல. அதே குழாயில் துணி காயப்போடும் கம்பியையும் கட்டியிருந்தால், ஈரச் சேலையோடு வருபவரின் கைக்கே மின்சாரம் வந்துவிடும்.

அளவு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி இருக்கிறதே, விழுந்துவிடாதா என்பார்கள். விழாது. 50 வாட் விளக்கு எடுப்பது ஏறக்குறைய 0.2 ஆம்பியர். ஆளைக் கொல்ல அதில் பாதி போதும். 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று போட்ட எம்சிபிக்கு, ஒருவர் உடல் வழியே பாயும் மின்சாரம் இன்னொரு பல்பு எரிகிற கணக்குத்தான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிடிதான் உயிரைக் காப்பது. நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்போர் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் என்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை நாமே மாற்றிக்கொள்ளலாம். புதிதாக லைன் இழுப்பதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் விதிமுறைகள். ஆனால் வேப்பந்தட்டைப் பக்கத்துக் குக்கிராமத்துக்கோ ஆண்டிமடத்து முந்திரித் தோப்பு வீட்டுக்கோ ஒற்றை விளக்கு மாட்ட எந்த ஒப்பந்ததாரர் வருவார்? ஆள் கிடைக்க வழி செய்யாமல் விதியை மட்டும் எழுதி வைத்தால், ஜனங்கள் கையில் டெஸ்டரோடு ஏணியில் ஏறத்தான் செய்வார்கள்.

2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசிப் பதினொரு பேர் இறந்தபோது முதலமைச்சர் நேரில் வந்தார், விசாரணை வந்தது. துணி காயும் கொடிக்கம்பியில் ஒருவர் செத்தால் மூன்றாம் நாள் ஊரே மறந்துவிடுகிறது.

மாவட்ட நிர்வாகங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. இரு மாவட்டங்களிலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. வடகிழக்குப் பருவமழைக்கு முன் எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களை ஆசிரியர் துணையோடு ஊர் ஊராக அனுப்பி, வெளி வயரிங்கையும் எர்த்தையும் சோதிக்கச் செய்யலாம். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்களின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டலாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தரும் அரசு, குடிசை வீடுகளுக்கும் பழைய இணைப்புகளுக்கும் ஆர்சிடியை மானிய விலையில் தருவதுதான் முறை. இதை மின்பகிர்மானக் கழகம் இந்த மழைக்காலத்துக்குள் தொடங்க வேண்டும்.

அதுவரை வாசலுக்கு சோலார் விளக்கு போதும். மின்சார விளக்குதான் வேண்டுமென்றால் மூன்று வயரும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும், கொடிக்கம்பி வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஆர்சிடி இருக்கும் வீட்டில் அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை இன்றே அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழவில்லை என்றால் அதை மாற்றிவிட்டுத்தான் விளக்கைப் போட வேண்டும்.