பாதி விலைப் புத்தகமும் கைப்பையிலுள்ள பற்றுச்சீட்டும்



பட்டணத்துப் புத்தகக் கடை ஒன்றில் மூன்று மாதமாக “எதை எடுத்தாலும் பாதி விலை” என்ற பலகை தொங்குகிறதாம். சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் மகளுக்குப் பள்ளிப் பரிசாக அந்தக் கடையின் 50 வெள்ளிப் பற்றுச்சீட்டு கிடைத்திருக்கிறது. ஆண்டிறுதி விடுமுறையில் அழைத்துப் போய் வாங்கித் தரலாம் என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். இப்போது அக்கம்பக்கத்தில், “கடை நொடித்துப் போகும் போலிருக்கிறது, அதனால்தான் இப்படி அள்ளி விடுகிறார்கள்” என்று பேச்சு. உண்மையா என்று கேட்கிறார்.

பலகையை மட்டும் பார்த்து எதுவும் சொல்லிவிட முடியாது, சகோதரி. முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அட்டையில் 40 வெள்ளி என்று அச்சிட்ட புத்தகத்தைக் கடைக்காரர் ஏறக்குறைய 24 வெள்ளிக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு விலைக்கு விற்றால் 16 வெள்ளி நிற்கும். வாடகை, மின்சாரம், பணியாளர் சம்பளம் எல்லாம் அதற்குள்தான். 30 விழுக்காடு கழிவு கொடுத்தால் 28 வெள்ளிக்கு விற்கிறார். நிற்பது 4 வெள்ளி. முன்பு ஒரு புத்தகத்தில் கிடைத்ததைப் பெற இப்போது நான்கு புத்தகம் விற்க வேண்டும். பாதி விலை என்றால் ஒவ்வொன்றுக்கும் கையிலிருந்து 4 வெள்ளி போகிறது. பிறகு ஏன் விற்கிறார்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பசார் மாலாமில் கீரை விற்பவர் இரவு பத்து மணிக்கு விலையை இறக்குவார். கீரை நாளைக்கு வாடிவிடும். புத்தகம் வாடாது. அதோடு, புத்தக வியாபாரத்தில் மற்ற வியாபாரங்களில் அதிகம் காணாத ஒரு வழக்கமும் உண்டு. விற்காமல் கிடப்பதைப் பல பதிப்பகங்கள் திரும்ப எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையைக் கணக்கில் கழித்துக்கொள்ளும். திருப்பி அனுப்ப வழியிருக்கும்போது நட்டத்துக்கு விற்க வேண்டிய அவசியம் என்ன? ஒன்று, திருப்ப முடியாது என்ற பேச்சில் அடிமாட்டு விலைக்கு வாங்கிய சரக்காக இருக்க வேண்டும். இல்லையென்றால், கழிவில் ஒரு பங்கைப் பதிப்பகமே ஏற்றிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், மாதக் கடைசியில் வாடகை கட்டக் கையில் ரொக்கம் இல்லை என்று பொருள்.

முதல் வகைக்கு நம் நாட்டிலேயே நல்ல சாட்சி உண்டு. 2009-இல் பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தில் தொடங்கிய ‘பிக் பேட் வுல்ஃப்’ மலிவு விற்பனையைத்தான் சொல்கிறேன். தள்ளுவண்டியும் பயணப்பெட்டியுமாகக் குடும்பம் குடும்பமாக மக்கள் வரிசையில் நின்ற கூத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே முக்கால் பங்கு விலையைக் குறைத்தும் விற்றார்கள். அது நொடிப்பின் அடையாளமல்ல. வெளிநாட்டுப் பதிப்பகங்களில் மிஞ்சிப்போன புத்தகங்களை மொத்தமாக, மிக மலிவாக வாங்கி விற்பதே அவர்களது தொழில் முறை. குறைந்த விலைக்கு வாங்கியவர் குறைந்த விலைக்கு விற்கிறார், அவ்வளவுதான்.

மற்ற வகைக்குச் சாட்சி ‘போர்டர்ஸ்’. 1971-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய கடை அது. அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் கிளை எங்கே திறந்தது தெரியுமா? நம் பக்கத்தில், சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலை வீலோக் பிளேஸில், 1997-இல். தரையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் படித்தாலும் யாரும் விரட்டாத கடை என்று இளைஞர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

இணையத்தில் புத்தகம் விற்கும் வேலையை 2001-இல் அமேசானிடமே ஒப்படைத்தது போர்டர்ஸ். ஆட்டை ஓநாயிடம் மேய்க்கக் கொடுத்த கதை! இசைத் தட்டுகளை மலை மலையாக அடுக்கிக்கொண்டது. அந்த வியாபாரமும் படுத்தது. நீண்ட காலக் குத்தகையில் எடுத்த பெரிய பெரிய கட்டடங்களின் வாடகை கழுத்தை நெரித்தது. 2006 முதல் ஆண்டுதோறும் நட்டம். அந்த ஆண்டுகளில்தான் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு ஓயாமல் கழிவுச் சீட்டுகள் மின்னஞ்சலில் வந்துகொண்டிருந்தன. விளைவு என்ன? சீட்டு இல்லாமல் புத்தகம் வாங்குவதையே மக்கள் விட்டுவிட்டார்கள். முழு விலை என்பது ஏமாளி கொடுக்கும் விலையாகிவிட்டது.

ஆனால் கடையைச் சாய்த்தது கழிவுச் சீட்டு என்று நான் சொல்ல மாட்டேன். கடனும் வாடகையும் சாய்த்தன. கழிவு, சாய்வதைச் சற்றுத் தள்ளிப்போட்டது. 2010 முடியும் தறுவாயில் பதிப்பகங்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தினார்கள். 2011 பிப்ரவரி 16-இல் திவால் மனு. மறுநாளே, போர்டர்ஸின் ஆஸ்திரேலிய, சிங்கப்பூர்க் கிளைகளை 2008-இல் வாங்கியிருந்த வேறொரு நிறுவனமும் கைவிரித்தது. வீலோக் பிளேஸ் கடை அதே ஆண்டு ஆகஸ்டில் மூடியது. இதற்கிடையே கோலாலம்பூர் போர்டர்ஸ் கடைகள் திறந்தே இருந்தன. அவை பெர்ஜாயா நிறுவனம் உரிமம் பெற்று நடத்தியவை. பெயர்ப்பலகை ஒன்று, பணப்பை வேறு. ஆகவே கடையின் பெயரை வைத்து மட்டும் ஊர்ப்பேச்சை நம்பிவிடாதீர்கள்.

பிரிட்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு. தள்ளாடிக்கொண்டிருந்த ‘வாட்டர்ஸ்டோன்ஸ்’ கடைகளின் பொறுப்பை 2011-இல் ஏற்ற ஜேம்ஸ் டான்ட், “மூன்று வாங்கினால் இரண்டுக்குத்தான் விலை” என்ற பழைய சலுகையை நிறுத்தினார். எந்தப் புத்தகத்தை முன்னால் வைப்பது என்பதை அந்தந்த ஊர்க் கடைக்காரரிடமே விட்டார். சில ஆண்டுகளில் நிறுவனம் இலாபத்துக்குத் திரும்பியது. கழிவை நிறுத்தியதுமே கடை மூழ்கிவிடும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

சரி, நம் சகோதரியின் கடைக்கு வருவோம். அடுத்த முறை பட்டணம் போகும்போது, பலகையைப் பார்க்காமல் நேராக உள்ளே போங்கள். இந்த ஆண்டு வந்த புதிய புத்தகங்கள் இருக்கின்றனவா? சென்ற மாதம் காலியான தட்டு இன்னும் காலியாகவே இருக்கிறதா, அல்லது ஒரே புத்தகத்தை முகம் தெரிய வரிசையாகப் பரப்பி வெற்றிடத்தை மறைத்திருக்கிறார்களா? இல்லாத ஒரு புத்தகத்தைத் தருவித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். “அடுத்த வாரம் வரும்” என்றால் பதிப்பகத்தோடு கொடுக்கல் வாங்கல் சரியாக இருக்கிறது. “இப்போது ஆர்டர் எடுப்பதில்லை” என்று பணியாளர் தலையைக் குனிந்தால் அதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் சந்தாவையும் பற்றுச்சீட்டையும் மும்முரமாக விற்கிறார்கள், அலமாரியோ நிரம்புவதில்லை என்றால் எனக்குக் கவலைதான். நாளைய வியாபாரத்தின் காசை இன்றே வாங்கிச் செலவழிக்கிறார்கள்.

பழைய இருப்பு மட்டும் ஒரு மூலையில் பாதி விலைக்குக் கிடந்து, மற்ற அலமாரிகளில் புதியவை முழு விலைக்கு நின்றால் பயம் வேண்டாம். அது வீடு கூட்டுவது போல.

ஆனாலும் அந்தப் பற்றுச்சீட்டை விடுமுறை வரை வைத்திருக்க வேண்டாம் என்பேன். கடை நன்றாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அது உங்கள் கையில் இருக்கும்வரை நீங்கள் கடைக்குக் கடன் கொடுத்தவர். கடை நொடித்தால் வங்கி முதலில் நிற்கும். நீங்கள் வரிசையின் கடைசியில். 2011-இல் ஆஸ்திரேலிய போர்டர்ஸ் வாடிக்கையாளர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். சீட்டின் மதிப்பைப் போல் இரண்டு மடங்குக்குப் பொருள் எடுத்தால்தான் சீட்டு செல்லும் என்றார்கள். நம் கணக்கில், 50 வெள்ளிச் சீட்டைப் பயன்படுத்த இன்னொரு 50 வெள்ளியைக் கையிலிருந்து போட வேண்டும்.

வரும் சனிக்கிழமையே மகளை அழைத்துப் போங்கள், சகோதரி. பாதி விலை என்றால் 50 வெள்ளிக்கு 100 வெள்ளிப் புத்தகம் ஆயிற்றே. ஒன்று மட்டும் போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்: கழிவு விலைப் புத்தகங்களுக்குப் பற்றுச்சீட்டு செல்லுமா என்று. சில கடைகளில் சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் செல்லாது என்று போட்டிருப்பார்கள்.