மௌனத்தைப் பசி என்று எடுக்கும் அடப்டர்

இந்தக் கிழமை எபிசோடில் பவர் சப்ளையைப் பற்றிக் கதைக்கேக்க ஒரு விசயத்தை விட்டிட்டன். நேரம் போதேல்லை, கொஞ்சம் கோவமும் இருந்தது. அதை இங்க எழுதுறன்.

யூனியன்வில்லில் எங்கட வீட்டு பேஸ்மென்டில் ஒரு பெரிய ஹாட் டிஸ்க் இருக்கு. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த அல்பங்களை ஸ்கான் பண்ணி அதிலதான் வைச்சிருந்தன். வேற பிரதி இல்லை, என்ர பிழை. அதோட வந்த அடப்டர் துலைஞ்சு போக, ஒன்லைனில் மலிவாய் ஒரு 12 வோல்ற் அடப்டர் வாங்கினன். எட்டு மாசத்தால் ஒரு நாள் டிஸ்க் சுத்தேல்லை. மீற்றரை வைச்சுப் பார்த்தால் அடப்டரில் 19 வோல்ற்!

சுவரில் வாற 120 வோல்ற் உள்ளே கிட்டத்தட்ட 170 வோல்ற் டிசியாக மாறுது. அதை ஒரு ட்ரான்சிஸ்டர் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ட்ரான்ஸ்போமருக்கு அனுப்புது. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேணும் என்பதுதான் கேள்வி. அதுக்குப் பதில் மற்றப் பக்கத்தில் இருந்து வருது. இரண்டு தடையிகள் 12 வோல்ற்றைப் பிரிச்சு 2.5 ஆக்கும். டிஎல்431 என்ற சின்ன ஐசி அதைத் தன்னுடைய 2.5 வோல்ற்றோட ஒப்பிடும். கூடினால் ஒப்டோகப்ளருக்குள் இருக்கும் எல்ஈடியைக் கூடப் பிரகாசமாக்கும். கம்பித் தொடர்பு இல்லாமல் அந்த வெளிச்சம் மட்டும் கடந்துபோய், "காணும், குறை" என்று சொல்லும். இதே அடப்டர் யாழ்ப்பாணத்து 230 வோல்ற்றிலும் அதே 12 தாறது இதாலதான்.

கவனியுங்கோ, வெளிச்சம் என்றால் "குறை". அப்ப இருட்டு என்றால்? "இன்னும் தா". எல்ஈடி வயசு போய் மங்கினால், வெளியில் வோல்ற் ஏற ஏற, உள்ளே இருக்கிறது பசி என்று நினைச்சு அள்ளிப் போடும். என்ர அடப்டரில் நடந்தது அதுதான். ஒப்டோகப்ளரை மாத்தின உடனே திரும்ப 12. (நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழட்டின பிறகும் உள்ளே கப்பாசிற்றரில் 170 வோல்ற் நிக்கலாம்.)

என்ர கருத்து இதுதான்: செய்தி வராமல் விட்டால் அதைப் பழுது என்று எடுத்து நிப்பாட்டாத அடப்டரை விக்கவே கூடாது. இது புதுசு இல்லை. நல்ல கொன்ட்ரோலர் ஐசிகள் அப்படித்தான் செய்யும், இல்லாட்டி வோல்ற் கூடினால் வெட்ட இரண்டாவது காவல் இருக்கும். சில சதக் காசு மிச்சம் பிடிக்க அதை விட்டிடினம். ஒன்ராறியோவில் விக்கிற மின்சாதனத்தில் அங்கீகார முத்திரை இருக்க வேணும், பார்த்து வாங்குங்கோ. ஆனால் அந்த முத்திரை முக்கியமாய் மின்னதிர்ச்சியையும் நெருப்பையும் பற்றினது. உங்கட படங்களுக்கு அது பொறுப்பில்லை. மேலதிக வோல்ற் பாதுகாப்பு இருக்கா என்று பெட்டியில் அச்சடிச்சிருந்தால், நான் இரண்டு மடங்கு காசு குடுப்பன்.

டிஸ்க் தப்பிட்டுது. அதின்ர போர்டில் 12 வோல்ற் வாசலில் ஒரு காவல் டயோட். அது எரிஞ்சு ஷோட் ஆகி மற்றதையெல்லாம் காப்பாத்தியிருக்கு. அதைக் கழட்ட டிஸ்க் சுத்திச்சுது. அண்டு இரவே படங்களை வேற இரண்டு இடத்தில் ஏத்தினன்.