பெட்டிக்குள் கேம் இருக்கிறதா?

கட்டாரில் வேலை செய்யும் சாச்சா அடுத்த விடுமுறைக்கு வரும்போது நின்டெண்டோ சுவிட்ச் 2 கொண்டுவரப் போகிறார். 2025 ஜூன் 5இல் வெளிவந்த கையடக்கக் கேம் கருவி அது. "எந்தக் கேம் வேணும்?" என்று கேட்டார். தம்பி ஐந்து பெயர்களை எழுதினான். நான் நான்கை வெட்டினேன். இன்னும் அவனுக்கு என்னோடு கோபம்.

கருவியோடு வெளிவந்த கேம்களில் பல 'கேம் கீ கார்ட்' வகை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அப்படித்தான். அட்டைக்குள் கேம் இல்லை, திறப்பு மட்டுமே இருக்கிறது. கேமை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். ஐம்பது ஜிகாபைட்டுக்குக் கிட்ட. பசறையில் ஸூம் வகுப்புக்கே டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் இது நடக்குமா? பெட்டியின் முன்பக்கத்திலேயே அந்த அறிவித்தல் இருக்கும். பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கருவியைப் பற்றி விளக்கும் 'வெல்கம் டுவர்' என்பதற்கும் 10 டொலர் கேட்கிறார்கள். சோறு வாங்கினால் தட்டுக்கு வேறா காசு?

சைபர்பங்க் 2077 முழுமையாக அட்டையிலேயே வருகிறது. ஆனால் அது வளர்ந்தவர்களுக்கான கேம். தம்பியின் பட்டியலில் அதுதான் முதலாவது! பெற்றோர் கவனிக்க.

நான் வெட்டாமல் விட்டது மரியோ கார்ட் வேர்ல்ட். அதுவும் அட்டையிலேயே இருக்கிறது. நான்கு பேர் ஒரே திரையில் ஓட்டலாம், அலுத்தால் இரவலும் கொடுக்கலாம். விலை 80 டொலர். சாச்சா வெயிலில் உழைத்த காசு, ஒன்றே போதும்.

"ராத்தாவுக்கு கேமைப் பத்தி என்ன தெரியும்?" என்கிறான். முதல் நாள் என்னோடு ஓட்டிப் பார்க்கட்டும்.