டீ குடிக்காத பையன்

பொள்ளாச்சியிலிருந்து போகிறவர்கள் கோவிந்தாபுரத்தில் எல்லையைத் தாண்டி கொல்லங்கோட்டுச் சாலையைப் பிடித்தால், வயல்களுக்கு நடுவே ஒரு டீக்கடை வரும். கடைக்காரர் தமிழில் கணக்குச் சொல்லி மலையாளத்தில் சில்லறை தருவார். ஒரு காலத்தில் இங்கே நடந்த விவாதம் சிவாஜியா, எம்.ஜி.ஆரா என்பது. பிறகு மம்மூட்டியா, மோகன்லாலா. உலகக் கோப்பை வந்தால் பெலேயா, மரடோனாவா. போன மார்ச் மாதம் நான் போனபோது நாலைந்து இளைஞர்கள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். விஷயம் இதுதான்: எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டையில், லைட்வெயிட் பிரிவின் தலைசிறந்த ஸ்ட்ரைக்கர் யார்?

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்ஸிங், கராத்தே, குஸ்தி, ஜூடோ எல்லாம் ஒரே கூண்டுக்குள் அனுமதிக்கப்படும் சண்டை இது. கை காலால் அடித்துச் சாய்ப்பவர் ஸ்ட்ரைக்கர். கட்டிப் புரட்டி, கழுத்தையோ கையையோ முறுக்குபவர் கிராப்ளர். இதில் பெரிய நிறுவனமான அமெரிக்காவின் யு.எஃப்.சி.யில் லைட்வெயிட் என்றால் 155 பவுண்டு, அதாவது 70.3 கிலோ. பனியன் அணிந்த நம் ஊர் இளைஞர்கள் பாதிப் பேர் இந்த எடைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். ஆர்வத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதல் ஓட்டு அயர்லாந்துக்காரர் கானர் மெக்ரிகருக்கு. 2016 நவம்பரில் நியூயார்க்கில் எட்டி ஆல்வரெஸை இரண்டாவது ரவுண்டிலேயே வீழ்த்தி, யு.எஃப்.சி.யில் ஒரே சமயத்தில் இரண்டு பட்டங்களை வைத்திருந்த முதல் ஆள் ஆனவர். “அந்த இடது கை போதும், ஏட்டா” என்றான் ஒருவன். அடுத்தவன் மேக்ஸ் ஹாலோவேயைச் சொன்னான். 2024 ஏப்ரலில் ஜஸ்டின் கேட்ஜியோடு ஐந்து ரவுண்டு. புள்ளிகளில் முன்னால் இருந்தவர் கடைசிப் பத்து வினாடியில் ஒதுங்கி நின்றிருக்கலாம். அவரோ கூண்டின் நடுவைக் கைகாட்டி ‘வா’ என்று அழைத்தார். மணி அடிக்க ஒரே வினாடி பாக்கியிருக்கும்போது கேட்ஜி முகம் குப்புற விழுந்தார். இதைச் சொன்னவன் எழுந்து நின்று நடித்தும் காட்டினான். பக்கத்து மேசையின் வடைத் தட்டு தப்பியது கடவுள் புண்ணியம்.

மூன்றாமவன் கால் கட்சி. 2012 ஜனவரியில் ரியோவில் எட்சன் பார்போசா சுழன்று உதைத்த உதையில் எதிராளி மரம்போலச் சாய்ந்தார். 2010 டிசம்பரில் ஆன்டனி பெட்டிஸ் கூண்டுச் சுவரில் கால்வைத்து எகிறி உதைத்தார். அது போன்ற அழகு வேறு எதில் இருக்கிறது என்பது அவன் கேள்வி. நான்காமவன் புதுசு. 2025 ஜூனில் சார்ல்ஸ் ஒலிவெய்ராவை முதல் ரவுண்டிலேயே படுக்கவைத்துப் பட்டம் வாங்கிய இலியா டோபுரியாதான் எல்லோருக்கும் மேல் என்றான்.

“கபீப்?” என்று நான் கேட்டுவைத்தேன். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கபீப் நூர்மகமெதோவ் 29 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காமல் ஓய்வு பெற்றவர். ஆனால் கிராப்ளர். பட்டியலில் சேர மாட்டார். நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. கட்டிப் பிடிப்பான் என்ற பயத்தோடு அடிப்பது வேறு, அந்தப் பயமில்லாமல் அடிப்பது வேறு. 2018 அக்டோபரில் மெக்ரிகரின் அந்த இடது கை கபீப் முன்னால் நாலாவது ரவுண்டு வரைதான் தாங்கியது. ஆகவே விதி என்ன, எதிராளி யார் என்று சொல்லாமல் ‘சிறந்தவர்’ என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பையன் மட்டும் டீயைத் தொடவில்லை. கண்ணாடி டம்ளரில் ஆடை படிந்துவிட்டது. வெளியே தார் உருகும் வெயில். அவனோ மழைக்கோட்டு போட்டிருந்தான். உதடு வெடித்திருந்தது.

விசாரித்தேன். மூணாறு பக்கத்து எஸ்டேட் குடும்பம். அம்மா கொழுந்து பறிக்கிறவர். கோயம்புத்தூரில் ஒரு போட்டி. அதில் 70 கிலோப் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறான். உடம்போ 75. மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கொல்லங்கோட்டில் இருக்கும் மாமா வீட்டுக்கு வந்துவிட்டான்.

“மூணாறுல ஓடினா வேர்க்கவே மாட்டேங்குது சார். பாலக்காட்டு வெயில்தான் நமக்கு ஸ்டீம் பாத்” என்று சிரித்தான். சிரித்ததும் உதட்டில் ரத்தம் வந்தது.

எம்.எம்.ஏ. ரசிகர்கள் அதிகம் பேசாத சமாச்சாரம் இது. பெரும்பாலும் எடை பார்ப்பது சண்டைக்கு முதல் நாள். அதனால் 77, 80 கிலோ இருக்கிறவர்கள் ஒரு வாரத்தில் உப்பைக் குறைத்து, தண்ணீரை நிறுத்தி, வெந்நீர்த் தொட்டியில் கிடந்து உடம்பிலுள்ள நீரைப் பிழிந்து எடுத்துவிடுகிறார்கள். தராசில் ஒரு நிமிடம் 70.3. இறங்கியதும் தண்ணீரும் சோறும். மறுநாள் கூண்டுக்குள் வரும்போது மறுபடி பழைய ஆள். வற்றிய உடம்பு ஒரே நாளில் முழுசாகத் தேறுவதில்லை. அந்த நிலையில் தலையில் அடி வாங்குவது இரட்டை ஆபத்து என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

கபீபே இதில் மாட்டியவர்தான். 2017 மார்ச்சில் எடை குறைக்கப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். டோனி ஃபெர்குசனோடு நடக்க வேண்டிய பட்டச் சண்டை ரத்தாயிற்று. 2022 மே மாதம் ஒலிவெய்ரா தராசில் அரைப் பவுண்டு அதிகம் காட்டினார். அரைப் பவுண்டு என்றால் 227 கிராம், ஒரு 8 அவுன்ஸ் பாக்ஸிங் கையுறையின் எடை. அவ்வளவுக்குத்தான் உலகப் பட்டம் போயிற்று. மறுநாள் அவர் கேட்ஜியை முதல் ரவுண்டிலேயே ஜெயித்தார், ஆனால் பட்டம் திரும்பவில்லை. இவர்கள் பிழைத்தவர்கள். 2015 டிசம்பரில் மணிலாவில் யாங் ஜியான்பிங் என்ற 21 வயது சீன வீரர் சண்டைக்கு முன்பே, எடை குறைக்கும் முயற்சியில் இறந்துபோனார்.

அதன் பிறகு ஆசியாவின் ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் ஒரு காரியம் செய்தது. எடையோடு சிறுநீரையும் சோதித்தார்கள். உடம்பில் நீர் வற்றியிருந்தால் தராசு எண் செல்லாது. கூடவே எடை வரம்புகளையும் உயர்த்தினார்கள். யு.எஃப்.சி.யில் 70.3 கிலோவாக இருக்கும் லைட்வெயிட் அங்கே 77.1. ஒரே பெயர், நடுவில் ஏழு கிலோ வித்தியாசம். அந்த ஏழு கிலோவில் பெரும் பகுதி தண்ணீர்தான்.

பையனிடம் கேட்டேன்: “75 இருக்கே. 77 கிலோப் பிரிவிலேயே பெயர் கொடுக்கலாமே?”

“அங்க நிக்கறவங்க எல்லாம் 84-லேர்ந்து இறங்கி வந்தவங்க சார். என்னைப் பிச்சு எறிஞ்சிடுவாங்க.”

பதில் சொல்ல வரவில்லை. அவன் சொன்னது உண்மை. எல்லோரும் ஏமாற்றும் இடத்தில் ஒருவன் மட்டும் யோக்கியனாக இருந்தால் அடி அவனுக்குத்தான். எல்லோரும் குறைப்பதால் யாருக்கும் லாபமும் இல்லை. அதே ஆள் அதே ஆளோடுதான் மோதுகிறான், இரண்டு பேரும் வாடி வதங்கிய பிறகு.

அதுவரை பாய்லரோடு இருந்த கடைக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “எங்க பல்லசனாவுல தராசு கிடையாது, சாரே.”

இங்கிருந்து அதிக தூரமில்லை பல்லசனா. மதுரை மீனாட்சியே வந்து குடிகொண்டதாக ஐதீகமுள்ள மீன்குளத்தி பகவதி கோயில் இருக்கும் ஊர். அங்கே ஓணத்தின்போது நடப்பது ஓணத்தல்லு. சாணம் மெழுகிய வட்டக் களம். இரண்டு அணி. ஒரு பக்கத்திலிருந்து ஒருவன் போர்க்குரல் கொடுத்து இறங்கினால், அவனுக்குச் சமமான ஒருவன் எதிர்ப்பக்கத்திலிருந்து இறங்க வேண்டும். திறந்த கையால்தான் அடிக்கலாம். குத்து கூடாது, உதை கூடாது. மீறினால் நடுவர் குறுக்கே வருவார். சங்க காலத்திலேயே ஓண நாளில் மதுரையில் நடந்த சண்டை விளையாட்டை மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் பதிவு செய்திருக்கிறார். எல்லைக் கோடுகள் எல்லாம் பிற்பாடு வந்தவை.

இதை ரொம்பவும் புனிதமாக்க வேண்டாம். பழைய நாட்டுத் தலைவர்களின் பகையில் பிறந்ததாகத்தான் ஊரார் கதை சொல்கிறார்கள். அறை வாங்கியவனுக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ஜோடி சேர்ப்பது அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், நாலு பேர் கண்ணெதிரே. நேற்றைய எடைக்கு அங்கே மதிப்பில்லை. தண்ணீர் குடிக்காமல் வந்தவனுக்கு எந்தச் சலுகையும் கிடைக்காது.

விதியை மாற்றினால் விளையாட்டு செத்துவிடும் என்பவர்கள் 1982-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு லைட்வெயிட் பட்டத்துக்கு மோதிய கொரிய பாக்ஸர் கிம் டுக் கூ 14-வது ரவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்தார். அவரும் எடையை இறக்கப் படாத பாடு பட்டவர். உலக பாக்ஸிங் கவுன்சில் பட்டச் சண்டையை 15 ரவுண்டிலிருந்து 12 ஆக்கியது. பாக்ஸிங் சாகவில்லை.

நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. 2022 ஜூலையில் பெங்களூரில் 23 வயதுக் கிக் பாக்ஸிங் வீரர், அடுத்த மாதமே சென்னையில் அருணாசலப் பிரதேசத்து 24 வயது வீரர். இருவரும் போட்டியில் தலையில் பட்ட அடியால் இறந்தார்கள். பெங்களூரில் மருத்துவ ஏற்பாடு போதவில்லை என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். இரண்டு நாள் செய்தியானது, பிறகு மறந்தாயிற்று. நம் ஊர்ப் போட்டிகளில் சண்டை நாளன்று காலையில் எடை, கூடவே சிறுநீர்ச் சோதனை, களத்தருகே ஒரு டாக்டர், வாசலில் ஓர் ஆம்புலன்ஸ் கட்டாயமாக வேண்டும். நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய செலவில்லை.

கிளம்பும்போது என் ஓட்டையும் கேட்டார்கள். டஸ்டின் பொய்ரியேவுக்குப் போட்டேன். ஹாலோவேயிடமும் கேட்ஜியிடமும் அவர் தோற்றதை உடனே நினைவூட்டினார்கள். அந்த இருவரையும் அவர் ஜெயித்தும் இருக்கிறார். அது போகட்டும், என் காரணம் வேறு. 2014 செப்டம்பரில் 65.8 கிலோப் பிரிவில் மெக்ரிகர் அவரை முதல் ரவுண்டிலேயே சாய்த்தார். பட்டினி கிடந்து எடை குறைத்தது போதும் என்று பொய்ரியே மேல் பிரிவுக்குப் போனார். வயிறாரச் சாப்பிட்டார். 2021 ஜனவரியில் அதே மெக்ரிகரை, கெண்டைக்காலில் உதைத்து உதைத்து நொண்ட வைத்து, இரண்டாவது ரவுண்டில் கையால் முடித்தார். எம்.எம்.ஏ.யில் மெக்ரிகர் அடியால் விழுந்தது அதுதான் முதல் தடவை.

மழைக்கோட்டுப் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “பொய்ரியே 65-லேர்ந்து 70-க்குப் போனாரா சார்?” என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். கடைக்காரர் ஆறிப்போன டம்ளரை எடுத்துக்கொண்டு போய், புதிதாக ஒன்று ஆற்றிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். காசு கேட்கவில்லை.

பொள்ளாச்சி பஸ் வந்துவிட்டது. அவன் குடித்தானா என்று பார்க்க எனக்கு வாய்க்கவில்லை.